மிதிவண்டி டயர் அழுத்தமானி

பெல்பாஸ்ட் நகரக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்கு 1888-இல் காப்புரிமை பெற்றார். அழுத்தமானி அதற்கும் மூத்தது. பிரான்சின் யூஜின் பூர்தோன் 1849-இலேயே வளைகுழாய் மானிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆயினும் மிதிவண்டிக்காரர் பலருக்குக் கட்டைவிரலே மானியாக இருந்தது.

தடை வால்வில்தான். உட்ஸ் வால்வில் துளையை மெல்லிய ரப்பர்க் குழாய் இறுக மூடியிருக்கும். தமிழ்நாட்டுக் கடைகளில் ‘வால்டியூப்’ என்பது இதுவே. பம்பின் காற்று ரப்பரை விலக்கி உள்ளே போகும். உள்ளிருக்கும் காற்றோ மானியை எட்டாது. பம்பிலுள்ள முள்ளும் ரப்பரை விலக்கத் தேவையான அழுத்தத்தைச் சேர்த்தே காட்டும்.

ஆகஸ்ட் ஷ்ரேடர் பெயரால் வழங்கும் வால்வில் நடு ஊசியை அழுத்தினால் காற்று வெளிவரும். மானி சரியாக அளக்கும். எனவே மானி வாங்குமுன் வால்வைப் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட அளவை ஒப்பிடும்போது, 1 பார் ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ.