மாயத்திரை – 9: தன்னையே தூக்க முடியாத கை

கிம் டேவிட்சனும் கிரெக் ஹெர்மனோவிக்கும் 1987இல் டொராண்டோவில் சைட் எஃபெக்ட்ஸ் என்ற பெயரில் கடை விரித்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். சினிமாவுக்குக் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் காட்சிகளை உருவாக்கும் அவர்களுடைய ஹூடினி மென்பொருள் 1996இல் பிறந்த கதை இந்த வாரம் வரவேண்டும். ஆனால் ஹெர்மனோவிக் அதற்கு முன் பார்த்த வேலையைச் சொல்லாமல் ஹூடினிக்குள் போனால் பாதிக்கதைதான் புரியும்.

அவர் சினிமாக்காரர் அல்லர். விண்வெளித் துறையிலிருந்து வந்தவர். அமெரிக்க விண்வெளி ஓடத்துக்குக் கனடா செய்துகொடுத்த கனடார்ம் என்ற இயந்திரக் கையின் சிமுலேட்டரில் வேலை செய்தவர்.

அந்தக் கை ஓர் அதிசயம். நீளம் சுமார் 15 மீட்டர், எடை சுமார் 410 கிலோ. மனிதக் கையைப் போலவே தோள், முழங்கை, மணிக்கட்டு. மொத்தம் ஆறு மூட்டுகள். விண்வெளியில் 29,000 கிலோவுக்கு மேற்பட்ட சரக்கை நகர்த்தும் என்பது கணக்கு. ஆனால் பூமியில் அதனால் தன்னையே தூக்கிக்கொள்ள முடியாது! மூட்டு மோட்டார்கள் எடையற்ற வெளிக்காகச் செய்யப்பட்டவை. வழவழப்பான தளத்தில், காற்று மெத்தைமேல் மிதக்கவிட்டு, படுக்கைவாட்டில் மட்டும் அசைத்துப் பார்க்கலாம். மேலும் கீழுமாக முழுதாக இயக்கிப் பார்க்க வழியே இல்லை.

அப்புறம் எப்படி நம்பி 1981 நவம்பரில் கொலம்பியா ஓடத்தில் ஏற்றி அனுப்பினார்கள்? கணினியை நம்பித்தான். கை எங்கே வளையும், சட்டென்று நிறுத்தினால் எவ்வளவு ஆடும், கேமராவில் என்ன தெரியும் எல்லாவற்றையும் கணக்காக எழுதி, திரையில் ஓடவிட்டார்கள். விண்வெளி வீரர் கட்டுப்பாட்டுக் கம்பியை அசைத்தால் அந்தக் கணமே திரையில் பதில் வந்தாக வேண்டும். காட்சியை யாரும் கையால் வரைந்து வைக்க முடியாது. விதிகளைச் சரியாக எழுதினால் காட்சி தானே வரும்.

இந்தப் பழக்கத்தோடுதான் ஹெர்மனோவிக் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் பக்கம், ஆம்னிபஸ் நிறுவனத்துக்கு வந்தார். டேவிட்சனும் அங்கிருந்தவரே. இந்தத் தொழிலைத் தொடங்கிய மற்றவர்களைப் பாருங்கள். வேவ்ஃபிரண்டின் பில் கோவாக்ஸ் கட்டடக்கலை படித்தவர். சாஃப்டிமேஜின் டேனியல் லாங்லுவா அனிமேஷன் படம் எடுத்தவர்; கலைஞன் கைக்கு வசப்படும் கருவி வேண்டும் என்பது அவர் வேட்கை. சைட் எஃபெக்ட்ஸ் மென்பொருளிலோ விண்வெளிச் சிமுலேட்டரின் வாசம் அடிக்கிறது. நூறு படி கொண்ட மாடிப்படியை அதில் ஒவ்வொன்றாக வைக்க வேண்டாம். படியின் உயரம், அகலம், எண்ணிக்கை ஆகியவற்றை விதியாக எழுதி, ஒரு கட்டத்தின் விடையை அடுத்த கட்டத்தோடு கோத்துவிட்டால் போதும். இயக்குநர் வந்து "நூற்றைம்பது படி வேண்டும்" என்றால் ஓர் எண்ணை மாற்றினால் சங்கிலி முழுவதும் தானே திருந்திக்கொள்ளும். இந்தத் துறையில் இதைவிட அழகான யோசனை வேறு இல்லை.

ஆம்னிபஸ் நிர்வாகத்தைப் பற்றி அவ்வளவு நல்ல வார்த்தை சொல்ல முடியாது. 1986இல் லாஸ் ஏஞ்சலஸின் இரண்டு பெரிய கம்பெனிகளை அது அடுத்தடுத்து வாங்கியது. ஒன்று ராபர்ட் ஏபலின் நிறுவனம். இன்னொன்று, க்ரே சூப்பர் கம்ப்யூட்டரை வைத்து 'தி லாஸ்ட் ஸ்டார்ஃபைட்டர்' படத்தின் விண்கலங்களை உருவாக்கிய டிஜிட்டல் புரொடக்‌ஷன்ஸ். கடன் கழுத்தை நெரிக்க, அடுத்த ஆண்டே மூன்றும் சேர்ந்து மூழ்கின. மூன்று நிறுவனங்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'டிஓஏ' என்று தொழிலில் இருந்தவர்கள் கசப்போடு சொல்வார்கள். ஆஸ்பத்திரிக்கு வரும்போதே உயிர் போயிருந்தது என்று டாக்டர்கள் எழுதும் குறிப்பும் அதே மூன்றெழுத்து. பேராசை யாருடையதோ, வேலை போனது நிரலாளர்களுக்கு.

அந்த இடிபாட்டிலிருந்து எழுந்த இருவரின் முதல் மென்பொருள் பிரிஸ்ம்ஸ். 1997ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் தொழில்நுட்ப விருது அதற்குத்தான் வந்தது. ஹெர்மனோவிக், டேவிட்சன் இருவரோடு மார்க் எலெண்ட், பால் பிரெஸ்லின் பெயர்களும் அதில் உண்டு. விருது வந்தபோது பிரிஸ்ம்ஸின் வாரிசான ஹூடினி சந்தைக்கு வந்து இரண்டாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. அந்த வாரிசு வந்த விதம் அடுத்த இதழில்.

(தொடரும்)