செல்லப்பிராணித் தடையுள்ள அடுக்ககங்களில் ஊர்வன வளர்ப்பு

செல்லப்பிராணித் தடையுள்ள அடுக்ககங்களில் ஊர்வன வளர்ப்பு என்பது, வளர்ப்பு விலங்குகளுக்கு இடமில்லை என வாடகை ஒப்பந்தமோ குடியிருப்பு விதிகளோ கூறும் அடுக்குமாடி வீடுகளில் பல்லி, பாம்பு, ஆமை முதலிய ஊர்வன வகை உயிரினங்களை வளர்ப்பதையும், அதனையொட்டி எழும் சட்ட, நலவாழ்வு, விலங்குநலச் சிக்கல்களையும் குறிக்கும். நாய் குரைக்கும், பூனையின் மணம் வெளியே தெரியும். கண்ணாடிப் பெட்டிக்குள் வாழும் பல்லியோ பாம்போ பொதுவாக உரத்த ஓசை எழுப்புவதில்லை. எனவே தடையுள்ள வீடுகளில் ஊர்வனவற்றை மறைத்து வளர்ப்பது எளிது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் இவ்வாறு மறைத்து வளர்க்கும்போதுதான் குடியிருப்பவர் சட்டப் பாதுகாப்பையும், விலங்கு முறையான கவனிப்பையும் இழக்க நேரிடுகிறது. இக்கட்டுரை பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்காவின் நிலையை விளக்குகிறது. சிங்கப்பூர், இந்தியா ஆகிய நாடுகளின் நிலை இறுதியில் சுருக்கமாகத் தரப்பட்டுள்ளது.

தடையின் தன்மை

அடுக்ககங்களில் ஒருவர் எந்த விலங்கை வளர்க்கலாம் என்பதை இருவேறு விதிகள் தீர்மானிக்கின்றன. முதலாவது, வீட்டு உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் இடையிலான ஒப்பந்தம். இரண்டாவது, குறிப்பிட்ட இனங்களை வளர்ப்பதைத் தடை செய்யும் நகர, மாநில, நடுவண் அரசுச் சட்டங்கள். ஒப்பந்தத் தடையை உரிமையாளர் விரும்பினால் தளர்த்தலாம். சட்டத் தடையை அவரால் தளர்த்த இயலாது.

ஒப்பந்தங்களின் சொல்லாட்சியும் ஒரே மாதிரி அமைவதில்லை. சில ஒப்பந்தங்கள் நாயையும் பூனையையும் மட்டும் பெயர் சொல்லித் தடுக்கின்றன. சில, கூண்டிலோ தொட்டியிலோ வாழும் சிறு விலங்குகளுக்கு விலக்கு அளிக்கின்றன. வேறு சில, எவ்வகை விலங்கும் கூடாது எனப் பொதுவாகத் தடுக்கின்றன. இம்மூன்றாம் வகை ஒப்பந்தத்தில், சிறிய பல்லி பெட்டிக்குள் இருப்பதால் அது செல்லப்பிராணி ஆகாது என்று வாதிட இடமில்லை.

வளர்க்கப்படும் இனங்கள்

சிறிய வீடுகளில் பொதுவாக வளர்க்கப்படும் ஊர்வன பின்வருமாறு:

- சிறுத்தைப் பல்லி: பாக்கித்தான், ஆப்கானித்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளைத் தாயகமாகக் கொண்டது. 20 முதல் 25 செ.மீ. வரை வளரும். வளர்ப்பில் 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது.
- கொண்டைப் பல்லி: பசிபிக் பெருங்கடலிலுள்ள நியூ கலிடோனியாவைச் சேர்ந்தது. அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட இவ்வினம் 1994 இல் மீண்டும் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 22 முதல் 26 பாகை செல்சியசு வெப்பநிலையில் வாழ்வதால் இதற்குக் கூடுதல் சூடேற்றம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.
- தாடி ஓணான்: ஆத்திரேலியாவின் உலர்நிலப் பகுதிகளைச் சேர்ந்தது. 45 முதல் 60 செ.மீ. நீளம் வளரும். வெப்ப விளக்கும் புறஊதாக் கதிர் விளக்கும் இதற்கு இன்றியமையாதவை.
- சோளப் பாம்பு: வட அமெரிக்காவைச் சேர்ந்த நஞ்சற்ற பாம்பு. 90 முதல் 150 செ.மீ. வரை வளரும்.
- பந்து மலைப்பாம்பு: மேற்கு, நடு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அச்சுறும்போது பந்துபோல் சுருண்டுகொள்வதால் இப்பெயர் பெற்றது. 20 முதல் 30 ஆண்டுகள் வரை வாழும்.
- செங்காது ஆமை: குஞ்சாக இருக்கும்போது உள்ளங்கையில் அடங்கும். வளர்ந்தபின் ஓடு 25 செ.மீ. அல்லது அதற்கு மேலும் நீளும்.

இவற்றின் வாழ்நாளே முதல் சிக்கலாகும். வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டுக்கு எழுதப்படுகிறது. பந்து மலைப்பாம்பின் வாழ்நாளுக்குள் குடியிருப்பவர் பல வீடுகள் மாற வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் புதிய உரிமையாளரின் விதியை எதிர்கொள்ள நேரிடும்.

ஐக்கிய அமெரிக்காவில் சட்ட நிலை

நடுவண் அரசு விதிகள்

அரசு உதவி பெறும் முதியோர் குடியிருப்புகளில் செல்லப்பிராணிகளை அனுமதிக்க 1983 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழிவகுத்தது. அதன்கீழ் அமைந்த விதிகளில் வீட்டு வளர்ப்பு விலங்கு என்பதற்கு வரையறை தரப்பட்டுள்ளது. நாய், பூனை, பறவை, கொறிணி, மீன், ஆமை ஆகியவை அவ்வரையறைக்குள் அடங்கும். ஆமை தவிர்ந்த பிற ஊர்வன வெளிப்படையாக விலக்கப்பட்டுள்ளன. எனவே அக்குடியிருப்புகளில் ஆமை வளர்ப்பவருக்குக் கிடைக்கும் உரிமை, அதைவிடச் சிறிய பல்லியை வளர்ப்பவருக்குக் கிடைப்பதில்லை.

இனங்களைப் பொறுத்த தடைகளும் உள்ளன. 2012 இல் பர்மிய மலைப்பாம்பு உள்ளிட்ட நான்கு பெரும்பாம்பு இனங்களும், 2015 இல் மேலும் நான்கு இனங்களும் தீங்குதரும் உயிரினங்களாக நடுவண் அரசால் பட்டியலிடப்பட்டன. புளோரிடாவின் எவர்கிளேட்சு சதுப்புநிலத்தில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள பாலூட்டிகளையும் பறவைகளையும் வேட்டையாடி வருவது இதற்கு முதன்மைக் காரணமாகும். அவாய் மாநிலத்தில் பாம்பு வளர்ப்பு முற்றிலும் தடை செய்யப்பட்டுள்ளது. அங்கு மீறுவோருக்கு 2,00,000 டாலர் வரை தண்டமும் மூன்று ஆண்டுகள் வரை சிறையும் விதிக்கப்படலாம்.

நியூயார்க் நகரம்

நியூயார்க் நகரில் 1983 இல் இயற்றப்பட்ட செல்லப்பிராணிச் சட்டம் இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குடும்பங்கள் வாழும் கட்டடங்களுக்கு இது பொருந்தும். குடியிருப்பவர் ஒருவர் விலங்கை வெளிப்படையாகவும் பிறர் அறியும் வகையிலும் வளர்த்துவருகிறார் எனக் கொள்வோம். உரிமையாளரோ அவருடைய முகவரோ அதனை அறிந்தபின் மூன்று மாதங்களுக்குள் வழக்குத் தொடரவில்லையெனில், ஒப்பந்தத்திலுள்ள தடையை அவ்விலங்கைப் பொறுத்தவரை உரிமையாளர் கைவிட்டதாகக் கருதப்படும்.

இச்சட்டத்தின் மூன்று வரம்புகள் ஊர்வன வளர்ப்போருக்கு முக்கியமானவை:

1. விலங்கு வெளிப்படையாக வளர்க்கப்பட வேண்டும். அலமாரிக்குள் மறைத்து வைக்கப்பட்ட பாம்புக்குப் பத்து ஆண்டுகள் கடந்தாலும் இப்பாதுகாப்புக் கிடைக்காது. மூன்று மாதக் கணக்கு, உரிமையாளர் தரப்பு அறிந்த நாளிலிருந்தே தொடங்குகிறது.
2. நகர நலவாழ்வு விதித்தொகுப்பு தடை செய்யும் விலங்குகளுக்கு இச்சட்டம் பொருந்தாது. நச்சுப் பாம்புகள், முதலைகள், உடும்புகள், இகுவானா எனப்படும் பேரோந்திகள் முதலியவை அவ்வாறு தடை செய்யப்பட்டவை.
3. பிற குடியிருப்பாளருக்குத் தொல்லையாக அமையும் விலங்குக்கும், நகர வீட்டுவசதி ஆணையத்தின் குடியிருப்புகளுக்கும் இது பொருந்தாது.

மறைத்து வளர்த்தலின் எல்லை எதுவரை செல்லும் என்பதற்கு 2003 அக்டோபரில் அந்நகரின் ஆர்லெம் பகுதியில் நடந்த நிகழ்வு ஒரு சான்றாகும். பொதுக் குடியிருப்புக் கட்டடம் ஒன்றின் வீட்டில் புலி ஒன்றும் முதலை வகை விலங்கு ஒன்றும் வளர்க்கப்பட்டு வந்தது, வளர்த்தவர் கடிபட்டு மருத்துவமனைக்குச் சென்ற பின்னரே வெளிப்பட்டது. காவலர் ஒருவர் கட்டடத்தின் வெளிப்புறமாகக் கயிற்றில் இறங்கி, சன்னல் வழியாகப் புலிக்கு மயக்க ஊசி செலுத்தினார். பின்னர் இரு விலங்குகளும் அகற்றப்பட்டன.

கலிபோர்னியா

கலிபோர்னியாவில் பொதுநல அமைப்புகளால் நிருவகிக்கப்படும் குடியிருப்புகளில், வீட்டின் சொந்தக்காரர் குறைந்தது ஒரு செல்லப்பிராணியையாவது வளர்ப்பதை அமைப்பின் விதிகள் தடுக்கக்கூடாது. 2001 சனவரி 1 முதல் எழுதப்பட்ட அல்லது திருத்தப்பட்ட விதிகளுக்கு இது பொருந்தும். பறவை, பூனை, நாய், நீர்த்தொட்டியில் வாழும் விலங்கு ஆகியவை சட்டத்தில் குறிப்பிடப்பட்டுள்ளன. பிற விலங்குகளுக்கு அமைப்பின் இசைவு தேவை. எனவே நிலத்தில் வாழும் பல்லிக்கும் பாம்புக்கும் இவ்வுரிமை தானாகக் கிடைப்பதில்லை. வாடகைக்குக் குடியிருப்பவரின் ஒப்பந்தத்தையும் இது மாற்றுவதில்லை.

உதவி விலங்குகள்

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் விலங்குகள் சட்டப்படி செல்லப்பிராணிகளாகக் கருதப்படுவதில்லை. 1988 இல் திருத்தப்பட்ட நியாய வீட்டுவசதிச் சட்டத்தின்படி, தேவை நிறுவப்பட்டால் தடையுள்ள வீட்டிலும் இவற்றுக்கு விலக்குக் கோரலாம். ஆயினும் நடுவண் வீட்டுவசதித் துறை 2020 சனவரியில் வெளியிட்ட அறிவிப்பில், ஆமை தவிர்ந்த ஊர்வன வழக்கமான வீட்டு விலங்குகளாகக் கொள்ளப்படவில்லை. அத்தகைய விலங்குதான் தேவை என நிறுவும் பெரும் பொறுப்பு கோருபவர் மீதே சுமத்தப்பட்டது. பொது இடங்களைப் பொறுத்தவரை, 2011 மார்ச்சு 15 முதல் சேவை விலங்கு என்னும் தகுதி நாய்களுக்கே உரியது. சிறுவகைக் குதிரைகளுக்குத் தனி ஏற்பாடு உள்ளது.

நலவாழ்வும் பாதுகாப்பும்

ஊர்வன பல, நோய் அறிகுறி எதுவும் இன்றிச் சால்மொனெல்லா என்னும் நுண்ணுயிரியைக் குடலில் சுமக்கின்றன. விலங்கைத் தொடாதவருக்கும் தொட்டி நீர், தரை, கழுவுதொட்டி ஆகியவற்றின் வழியே இது பரவக்கூடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியோர், நோயெதிர்ப்பாற்றல் குறைந்தோர் ஆகியோருக்குக் கடும் பாதிப்பு ஏற்படலாம். குழந்தைகளிடையே பரவிய இந்நோய் காரணமாக, ஓட்டின் நீளம் 4 அங்குலத்திற்குக் (ஏறத்தாழ 10 செ.மீ.) குறைவான ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பதை ஐக்கிய அமெரிக்கா 1975 இல் தடை செய்தது. விலங்கைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதலும், அதன் பாத்திரங்களைச் சமையலறையில் கழுவாதிருத்தலும் அடிப்படைத் தடுப்பு முறைகளாகும்.

அடுக்ககத்திற்கே உரிய இடர்கள் மூன்று:

- தீ: ஊர்வன புறவெப்பத்தை நம்பி வாழ்பவை. வெப்ப விளக்கும் சூட்டு விரிப்பும் நாள்தோறும் நீண்ட நேரம் இயங்குகின்றன. வெப்பநிலைக் கட்டுப்படுத்தி இல்லாவிடில் விலங்கு வெந்துபோகவும் தீப்பற்றவும் வாய்ப்புண்டு.
- நீர்: ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். 300 லிட்டர் ஆமைத் தொட்டி, கண்ணாடியும் கற்களும் நீங்கலாகவே 300 கிலோகிராம் எடையுள்ளது. அது உடைந்தால் கீழ்வீட்டின் கூரையும் பாதிக்கப்படும்.
- தப்புதல்: பாம்பு தன் தலை நுழையும் இடைவெளியில் உடலையும் நுழைக்க வல்லது. குழாய்கள் செல்லும் துளை வழியாகப் பக்கத்து வீட்டை அடையலாம். பூட்டக்கூடிய மூடி இதனைத் தடுக்கும்.

மறைத்து வளர்த்தலின் விளைவுகள்

ஒப்பந்த மீறல் வெளிப்பட்டால் உரிமையாளர் விலங்கை அகற்றுமாறு அறிவிக்கலாம். இணங்காவிடில் வீட்டைக் காலி செய்யக்கோரி வழக்குத் தொடரலாம். அவ்வழக்கின் பதிவு, அடுத்த வீடு தேடும்போது தடையாக அமையக்கூடும். வாடகையாளர் காப்புறுதிகள் பல, அயல்நாட்டு விலங்குகளால் நேரும் சேதத்தை ஏற்பதில்லை.

விலங்குக்கு நேரும் பாதிப்பு குறைவாகவே பேசப்படுகிறது. மறைப்பதற்கு வசதியான இடம் பெரும்பாலும் சிறியதாகவும் காற்றோட்டமற்றதாகவும் இருக்கும். வெளிச்சம் தெரியக்கூடாது என்று புறஊதா விளக்கு தவிர்க்கப்பட்டால், தாடி ஓணான் போன்றவற்றின் உடலில் உயிர்ச்சத்து டி போதிய அளவு உருவாவதில்லை. சுண்ணாம்புச் சத்தும் முறையாக ஏற்கப்படாமல் எலும்புகள் மென்மையடைந்து வளைகின்றன. உரிமையாளர் ஆய்வுக்கு வரும்போது அவசரமாக இடம் மாற்றப்படும் விலங்கு குளிரால் நோயுறலாம். அது தப்பிச் சென்றாலோ, தேடுவதற்கு அண்டை வீட்டாரின் உதவியைக் கேட்கவும் இயலாமற் போகிறது.

இறுதி விளைவு பெரும்பாலும் கைவிடுதலாகும். வளர்ந்த செங்காது ஆமைகளைக் குளங்களில் விட்டுவிடுவதால், அவ்வினம் உலகின் பல பகுதிகளில் உள்ளூர் ஆமைகளுக்குப் போட்டியாகப் பரவியுள்ளது. இதனைத் தடுக்கப் புளோரிடா மாநிலம், வளர்க்க இயலாதோர் அயல்நாட்டு விலங்குகளைத் தண்டனையின்றி ஒப்படைக்கும் திட்டத்தை நடத்துகிறது. அவாயிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு.

அனுமதி பெறுதல்

விலங்கை வாங்குமுன் அனுமதி கோருவதே பயனளிக்கும் முறையாகும். இனத்தின் பெயர், வளர்ந்தபின் அடையும் நீளம், தொட்டியின் அளவு, பூட்டும் வசதி, வெப்பக் கட்டுப்பாடு ஆகியவற்றை எழுத்தில் தெரிவித்தால் உரிமையாளரின் அச்சம் குறையக்கூடும். இசைவு கிடைத்தால் அதனை ஒப்பந்தத்தின் இணைப்பாகக் கையொப்பமிட்டுப் பெறுதல் வேண்டும். கட்டடம் கைமாறினால் வாய்மொழி இசைவை நிறுவுவது கடினம். உணவாக அளிக்கும் உறைந்த எலிகளைச் சேமிக்கும் முறையும், பயணத்தின்போது பொறுப்பேற்கும் நபரும் இணைப்பில் குறிப்பிடத் தக்கவை.

பிற நாடுகள்

சிங்கப்பூரில் பெரும்பாலான ஊர்வனவற்றை வளர்ப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது. செங்காது ஆமை அனுமதிக்கப்பட்ட சிலவற்றுள் ஒன்று. அந்நாட்டு வீட்டுவசதி வாரிய அடுக்ககங்களில் பல்லாண்டுகளாகத் தடை செய்யப்பட்டிருந்த பூனை வளர்ப்பு, 2024 செப்டம்பர் 1 முதல் அனுமதிக்கப்பட்டது. ஊர்வன மீதான தடை அவ்வாறு தளர்த்தப்படவில்லை.

இந்தியாவில் உள்நாட்டு ஊர்வனவற்றைப் பொறுத்தவரை, குடியிருப்பு விதிகளைவிட 1972 ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டமே முதன்மையானது. தமிழ்நாட்டிலும் இயற்கையாகக் காணப்படும் நட்சத்திர ஆமையைச் சிலர் நற்பேறு தரும் என நம்பி வீட்டில் வளர்க்கின்றனர். 2022 இல் திருத்தப்பட்டு 2023 ஏப்பிரல் 1 இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி இவ்வாமை முதலாம் பட்டியலில் இடம்பெறுகிறது. இதனை வைத்திருப்போருக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். வீட்டு உரிமையாளரோ குடியிருப்போர் சங்கமோ அளிக்கும் இசைவு இதற்கு விலக்காகாது. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் இடம்பெறும் அயல்நாட்டு விலங்குகளை வளர்ப்போர், 2024 ஆம் ஆண்டு விதிகளின்படி அவற்றை அரசிடம் பதிவு செய்தல் வேண்டும்.