மந்தின் மணியோசை – 7: வெயிலில் ஏற்றிய மெழுகுதிரி

அன்றைய ரப்பர்த் தோட்டத்தில் சனிக்கிழமை, விடியுமுன் பெரட்டு. பெயர் கூப்பிட்டு முடிந்ததும் கத்தியும் வாளியுமாக ஆட்கள் நிரைக்குள் இறங்கிவிடுவார்கள். வெயில் ஏறினால் பால் ஓடாது. ஆகவே காலைப்பொழுது முழுக்கத் தோட்டத்துக்கே சொந்தம்.

கத்தோலிக்க ஆண்டின் உச்சமான பாஸ்கா திருவிழிப்பும் சனிக்கிழமை காலையில்தான் நடந்து வந்தது! இருளைக் கிழிக்கும் புதுத் தீ, பாஸ்கா மெழுகுதிரி, இரவைப் புகழும் நீண்ட பாடல் எல்லாமே பட்டப்பகலில், லத்தீனில். உலகெங்கும் பல நூற்றாண்டுகளாக அதுவே வழக்கமாக இருந்தது. பால் வெட்டப் போனவர் அந்தத் தீயைப் பார்ப்பதெப்படி?

அதைத் தவறவிடுவது ஏன் பேரிழப்பு? திருவழிபாட்டு ஆண்டு விடுமுறை குறிக்க வந்த நாட்காட்டியல்ல. கிறிஸ்துவின் பிறப்புக்கும் பாடுகளுக்கும் உயிர்ப்புக்கும் உள்ளே ஜனங்களைக் கூட்டிப்போகும் பாதை அது. கிறிஸ்துமஸுக்கு டிசம்பர் 25 என்று நாள் நிலையாக உண்டு. பாஸ்காவோ நிலவைப் பார்த்து வரும்: மார்ச் 21 அன்றோ அதன் பின்னோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. பௌர்ணமி பார்த்து நாள் குறித்துப் பழகிய நம்மவர்களுக்கு இது விளங்காத கணக்கல்ல.

விபூதிப் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பல், முந்தைய ஆண்டுக் குருத்தோலையை எரித்தது. அன்று தொடங்கும் தவசு காலத்தை ஒட்டியே, மந்தின் இருக்கும் நெகிரி செம்பிலானில் பால்மரம் இலை உதிர்க்கும். பால் குறையும். பிறகு செம்பு நிறத்தில் தளிர் விடும். உயிர்ப்புக்கு உவமை தேடி ஐரோப்பிய வசந்தத்துக்குப் போக வேண்டியதே இல்லை. லயத்து வாசலில் நின்றால் போதும்.

இதற்கிடையே 1948 ஜூன் 18, மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. மூன்று நாள் கழித்து, ஜூன் 21, மந்தின் கோயிலின் பாதுகாவலர் புனித அலோசியுஸின் திருநாள். தமிழர் வாயில் அவர் ஞானப்பிரகாசியார். அடுத்து வந்த ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்கள் பலவற்றில் லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. இருட்டினால் ஊரடங்கு.

அந்த நேரம் பார்த்துத்தான் ரோமிலிருந்து செய்தி வந்தது. 1951 பிப்ரவரி 9: திருவிழிப்பை இரவிலேயே நடத்தலாம் என்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் காலத்து ஆணை அனுமதித்தது. அவ்வாண்டு பாஸ்கா மார்ச் 25.

தீ இரவுக்குத் திரும்பிவிட்டது. வேலிக் கதவு திறக்குமா?

(அடுத்த வாரம்)