பத்தி இணைப்பு

பத்தி இணைப்பு என்பது, குறிப்பேட்டு மென்பொருளில் ஒரு குறிப்பு முழுவதையும் சுட்டாமல், அதனுள் அமைந்த குறிப்பிட்ட ஒரு பத்தியை மட்டும் சுட்டும் இணைப்பு ஆகும். இலங்கை வழக்கில் பத்தி, பந்தி எனப்படும். இணைப்பைச் சொடுக்கும்போது உரிய குறிப்பு திறப்பதோடு, சுட்டப்பட்ட பத்தியும் திரையில் காட்டப்படும். பட்டியலின் ஒரு வரி, அட்டவணை, மேற்கோள் ஆகியவற்றையும் இம்முறையில் சுட்டலாம்.

தேவை

சாதாரண இணைப்பு வாசகரைக் குறிப்பின் தொடக்கத்திலேயே கொண்டு சேர்க்கும். குறிப்பு சிறியதாயின் அது போதுமானது. பல பக்கங்கள் கொண்ட குறிப்பில், ஒரு கூற்றுக்கு எந்த வரி ஆதாரம் என்பதை வாசகரே தேட வேண்டியிருக்கும். தேடிக் கண்டடைய இயலாத ஆதாரம் சரிபார்க்கப்படுவதில்லை. எனவே ஆய்வுக் குறிப்பு, களப்பணிக் குறிப்பு, பாடக்குறிப்பு ஆகியவற்றில் பத்தி இணைப்பு பெரிதும் பயன்படுகிறது.

முகவரியிடும் முறைகள்

ஒரு பத்தியைச் சுட்ட மூன்று வழிகள் உள்ளன.

1. வரிசை எண்: "மூன்றாம் பத்தி" எனச் சுட்டுதல். முன்னால் ஒரு பத்தி புதிதாகச் சேர்க்கப்பட்டால் முகவரி தவறிவிடும்.
2. பெயர்: பத்திக்கெனத் தனி அடையாளம் ஒன்றை இட்டு அதனைச் சுட்டுதல். பத்தி இடம் மாறினாலும் பெயர் அதனுடன் செல்லும்.
3. சொற்கள்: பத்தியில் உள்ள சொற்றொடரையே முகவரியாகக் கொள்ளுதல். அச்சொற்கள் திருத்தப்பட்டால் இணைப்பு செயலிழக்கும்.

குறிப்புகள் தொடர்ந்து திருத்தப்படுபவை. ஆதலால் இம்மூன்றனுள் பெயரிடும் முறையே நீடித்து நிற்கக்கூடியது.

தமிழ் நூல் மரபில்

பக்க எண்ணைச் சாராமல் நூலின் ஒரு பகுதியைச் சுட்டும் வழக்கம் தமிழில் கணினிக்கு முற்பட்டது. தொல்காப்பியம் அதிகாரம், இயல், நூற்பா எனவும், திருக்குறள் அதிகாரம், குறள் எண் எனவும் சுட்டப்படுகின்றன. எப்பதிப்பைப் புரட்டினாலும் உரிய இடத்தை அடைய இது உதவுகிறது.

ஆயினும் இவை வரிசை எண்களே. ஓர் அதிகாரத்துக்குள் குறட்பாக்களின் வரிசை உரையாசிரியர்களிடையே வேறுபடுகிறது. இன்று பரவலாக வழங்கும் எண்கள் பரிமேலழகர் கொண்ட வரிசையைப் பின்பற்றியவை. மணக்குடவர் உரையில் சில குறள்கள் வேறு இடத்தில் நிற்கும். எனவே எண்ணால் சுட்டுவோர் எவ்வரிசையைக் கொண்டனர் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

கணினியில் வரலாறு

டக்ளசு எங்கல்பார்ட் 1968 திசம்பர் 9 அன்று சான் பிரான்சிசுக்கோவில் செய்துகாட்டிய என்.எல்.எசு. என்னும் முறைமையில் ஆவணங்கள் சிறு கூற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. இம்முறைமையின் வளர்ச்சியில், கூற்றின் இடத்தைக் காட்டும் எண்ணும், இடம் மாறினாலும் மாறாத நிலையான அடையாள எண்ணும் தனித்தனியே வழங்கப்பட்டன.

உலகளாவிய வலையில், முகவரியின் இறுதியில் '#' குறியும் ஒரு பெயரும் இட்டுப் பக்கத்தின் உட்பகுதியைச் சுட்டலாம். ஆனால் அப்பெயரைப் பக்கத்தை எழுதியவர் முன்னரே இட்டிருக்க வேண்டும். இக்குறையைத் தவிர்க்க, பக்கத்திலுள்ள சொற்களையே முகவரியாக ஏற்கும் வசதி 2020இல் குரோம் உலாவியிலும், 2022இல் சஃபாரியிலும், 2024இல் பயர்பாக்சிலும் வந்தது.

குறிப்பேட்டு மென்பொருள்களில், 2003இல் கார்சுட்டன் டொமினிக் உருவாக்கிய ஆர்க் மோடு, பெயரிட்ட இடங்களுக்கு இணைப்புத் தர வகைசெய்தது. ரோம் ரிசர்ச், லாக்சீக், ஒப்சிடியன் ஆகியவை 2020ஆம் ஆண்டையொட்டிப் பரவியபின், பத்தி இணைப்பு பொதுப் பயனர்களிடமும் அறிமுகமானது.

எடுத்துக்காட்டு

கோவில்பட்டி வட்டாரம் பற்றி ஒரு மாணவர் ஒப்சிடியனில் "கரிசல் மண்" என்னும் குறிப்பை எழுதுவதாகக் கொள்வோம். அதில் மூன்று பத்திகள் உள்ளன: நனைந்தால் உப்பி, காய்ந்தால் வெடிக்கும் மண்ணின் இயல்பு, வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரிப் பயிர்கள், 1901இல் கோவில்பட்டியில் தொடங்கப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிலையம். மூன்றாம் பத்தியின் இறுதியில் ஓர் இடைவெளி விட்டு

^1901

என இட்டால் அதுவே பத்தியின் பெயராகும். பருத்தி பற்றிய வேறொரு குறிப்பிலிருந்து

[[கரிசல் மண்#^1901]]

என எழுதி அப்பத்தியை அடையலாம். பின்னர் கி. ராஜநாராயணன் 1982இல் வெளியிட்ட வட்டார வழக்குச் சொல்லகராதியைப் பற்றி ஒரு பத்தியை மாணவர் முதலில் சேர்த்தால், நிலையம் பற்றிய பத்தி நான்காவதாகிவிடும். பெயர் மாறாததால் இணைப்பு பழுதுறாது.

உட்பொதித்தல்

இணைப்பின் முன் '!' குறியை இட்டால், சுட்டப்பட்ட பத்தி இணைப்பு உள்ள இடத்திலேயே காட்டப்படும். மூலப் பத்தியைத் திருத்தினால் காட்டப்படும் எல்லா இடங்களிலும் திருத்தம் தோன்றும். இது நன்மையும் தீமையும் ஆகும். கோவில்பட்டி 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் உருவான மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டம் இன்று தூத்துக்குடி மாவட்டம் எனப்படுகிறது. மூலப் பத்தியில் மாவட்டப் பெயரை மட்டும் மாற்றினால், 1901ஆம் ஆண்டு நிகழ்வை விளக்கும் குறிப்பிலும் "தூத்துக்குடி மாவட்டம்" எனத் தோன்றி வரலாற்றுப் பிழையாகும்.

"இம்மண்ணில்", "அங்கு", "மேற்கூறிய" எனத் தொடங்கும் பத்தியைத் தனியே உட்பொதித்தால் அது எதைச் சுட்டுகிறது என்பது விளங்காது. இணைப்புக்குரிய பத்தியில் "கரிசல் மண்ணில்" எனப் பெயரையே எழுதுதல் நன்று.

தமிழில் எழும் சிக்கல்கள்

* ஒப்சிடியனில் பத்திப் பெயருக்கு இலத்தீன் எழுத்துகள், எண்கள், சிறுகோடு ஆகியவற்றை மட்டுமே பயன்படுத்த இயலும். குறிப்பின் தலைப்பு தமிழில் இருக்கலாம்.
* ஒருங்குறியில் 'கோ' என்னும் எழுத்தை 'க', 'ோ' என இரு குறிகளாகவோ, 'க', 'ே', 'ா' என மூன்று குறிகளாகவோ பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இவற்றை ஒருமைப்படுத்தாத மென்பொருளில், ஒருவிதமாகப் பதிந்த "கோவில்பட்டி" மற்றொரு விதமாகத் தேடினால் அகப்படாது.
* "கோவில்பட்டி", "கோயில்பட்டி" போன்ற எழுத்து வேறுபாடுகள் சொற்வழி முகவரிகளைச் செயலிழக்கச் செய்யும்.
* தமிழில் பெயர்ச்சொல் வேற்றுமை உருபு ஏற்பதால், தலைப்பை அப்படியே வாக்கியத்தில் அமைக்க இயலாது. [[கோவில்பட்டி|கோவில்பட்டியில்]] என முகவரியையும் காட்சிச் சொல்லையும் பிரித்து எழுதுவது வழக்கம்.

வரம்புகள்

ஒப்சிடியனில் பத்தி இணைப்பு, கோப்பின் பெயரையும் பத்தியின் பெயரையும் சேர்த்தே அமைகிறது. எனவே பத்தியை வேறொரு கோப்புக்கு வெட்டி ஒட்டினால் பழைய இணைப்பு பயனற்றதாகும். ரோம், லாக்சீக் ஆகியவற்றில் அடையாளம் குறிப்பேடு முழுவதற்கும் பொதுவானது; பத்தி வேறு பக்கத்துக்கு நகர்ந்தாலும் இணைப்பு தொடரும்.

பத்தி இணைப்புக்கு எல்லா மென்பொருளுக்கும் பொதுவான சீர்தரம் இல்லை. ஒன்றில் எழுதிய இணைப்பு மற்றொன்றில் வெறும் எழுத்தாகவே தோன்றலாம். நெடுங்காலம் பேண வேண்டிய குறிப்புகளில், இணைப்புடன் நூற்பெயர், ஆண்டு, பக்கம் ஆகியவற்றையும் எழுதி வைத்தால், மென்பொருள் வழக்கொழிந்த பின்னரும் ஆதாரத்தைக் கண்டறியலாம்.

இவற்றையும் பார்க்க

* மீயுரை
* ஒருங்குறி
* கரிசல் மண்
* கோவில்பட்டி