மூடாத குழாய்: பிள்ளைக்கும் குட்டிக்கும்

பிறவி இருதயக் கோளாறு என்றாலே 'இருதயத்தில் ஓட்டை' என்று சொல்லிவிடுகிறோம். இங்கே பேசப்போவது ஓட்டையைப் பற்றி அல்ல, மூடியிருக்க வேண்டிய ஒரு குழாயைப் பற்றி. கருவில் நுரையீரலுக்கு வேலை இல்லாததால், அங்கே போக வேண்டிய ரத்தம் ஒரு சிறு குழாய் வழியே பெருந்தமனிக்குப் போய்விடும். பிறந்து மூச்சுவிட்ட சில நாளில் குழாய் தானாக மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் ரத்தம் எதிர்த்திசையில் நுரையீரலுக்குள் பாயும், இருதயத்தின் இடப்பக்கம் வீங்கும், நுரையீரலில் நீர் கோக்கும். மனிதப் பிள்ளைக்கும் நாய்க்குட்டிக்கும் இதுவரை ஒரே கதைதான். இருவரிலும் பெண்களுக்கே இது அதிகம் வருகிறது.

கதை பிரிவது, யார் கண்டுபிடிப்பது என்பதில். கோலா குபு பாருவில் ஒரு குழந்தை இப்படிப் பிறந்தால் பிறந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பார். பிறகு வீடு தேடி மிஸ்ஸி வருவார். ஊசி போடும் நாளில் அரசாங்க கிளினிக் இருக்கிறது. பால் குடிக்கும்போது வியர்த்து, பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினால் அம்மாவே கவனித்துவிடுவார். குடிமக்கள் அரசாங்க ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட் போதும். அதற்கும் மேலே, 1992 முதல் கோலாலம்பூரில் ஐ.ஜே.என். என்ற தேசிய இருதய மருத்துவமனை இருக்கிறது.

கெர்லிங், களும்பாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பிறக்கும் குட்டிக்கு இப்படி யாரும் இல்லை. தடுப்பூசிக்குத் தூக்கிப்போனால்தான் முதன்முதலாக ஸ்டெதஸ்கோப் நெஞ்சில் படும். பல குட்டிகள் போவதே இல்லை. கூடப் பிறந்தவை கொழுத்து ஓடும்போது இது மட்டும் இளைத்து, இரண்டு சுற்று விளையாடிப் படுத்துவிடும். "நோஞ்சான் குட்டி" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். போனாலும் ஒரு சிக்கல் உண்டு. குழாய் வழியே ரத்தம் பாயும் சத்தம் இடது முன்னங்காலுக்கு உள்ளே, அக்குள் உயரத்தில்தான் பலமாகக் கேட்கும். அவசரத்தில் கீழே வைத்துக் கேட்டால் தப்பிவிடும். ஆனால் அங்கே உள்ளங்கையைத் தட்டையாக வைத்தால், மடியில் படுத்த பூனையின் உறுமல் போல ஓர் அதிர்வு ஓயாமல் கையில் தெரியும். இடைவிடாத இந்தச் சத்தத்தை 1900-இல் எடின்பரோவின் ஜார்ஜ் கிப்சன் தெளிவாக எழுதிவைத்தார். கை வைத்துப் பார்ப்பது, குட்டி வளர்ப்பவர் எவரும் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை.

அடுத்தது மருந்து. குறைமாதக் குழந்தைக்கு இபுபுரூஃபென் அல்லது பாராசித்தமோல் கொடுத்தே குழாயை மூடவைக்க முடிகிறது. நாய்க்குட்டிக்கு அது எடுபடாது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பேட்டர்சன் குழுவினர் பூடில் நாய்களை ஆராய்ந்து காரணத்தைக் காட்டினார்கள்: சுருங்க வேண்டிய தசையே குழாய்ச் சுவரில் போதவில்லை, கோளாறு பரம்பரையில் வருகிறது. மனிதரில் குறைமாதப் பிறப்பும், தாய்க்குக் கர்ப்பத்தில் வரும் ரூபெல்லாவும் பெரிய காரணங்கள். பிள்ளைக்குக் கொடுத்த மருந்தைக் குட்டிக்கும் கொடுத்துப் பார்க்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இபுபுரூஃபென் நாய்க்கு விஷம்.

ஆகவே குட்டிக்கு வழி கத்தி அல்லது கம்பிக்குழாய். இந்த இடத்தில் கொடுக்கல் வாங்கல் விசித்திரமானது. 1938 ஆகஸ்ட் 26-இல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் 7 வயதுச் சிறுமிக்கு இந்தக் குழாயைக் கட்டி மூடினார். அதற்கு முன் அவர் பழகிய உடல்கள் நாய்களுடையவை. பிள்ளைகளுக்காக வந்த கம்பிவலை அடைப்பான்தான் பின்னாளில் நாய்க்கென்றே திருத்தி அமைக்கப்பட்டது. தொடைத் தமனி வழியே ஏற்றுவார்கள். கடன் ஓரளவு திரும்பி வந்தது எனலாம், ஆனால் கட்டணம் முழுவதும் வளர்ப்பவர் தலையில். 'நாய்க்குப் போய் இவ்வளவா' என்று கேட்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; தோட்டச் சம்பளத்தில் அது நியாயமான கேள்வி. தூரமும் ஒரு தடை: செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனைக்குப் போகவே கோலாலம்பூரைத் தாண்ட வேண்டும்.

காலமும் குட்டிக்குக் குறைவு. குழாய் சிறியதாக இருந்தால் மனிதர் தெரியாமலேயே முதுமை வரை வாழ்ந்துவிடுவார். மூடாமல் விட்ட குட்டிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு ஓர் ஆண்டுக்குள் போய்விடுகின்றன. காலத்தில் மூடினால் மற்ற நாயைப் போலவே வாழும். நுரையீரலில் அழுத்தம் ஏறி ரத்தம் மறுபடி திசைமாறிவிட்டால் பிறகு மூடக்கூடாது. அப்போது வாய் ஈறு சிவப்பாகவே இருக்க, பின்பக்கம் மட்டும் நீலம் பூக்கும். பிள்ளைக்கும் அப்படியே, கால்விரலில் தெரியும்.

சிகிச்சைக்குக் காத்திருக்கும் நாட்களில் தூங்கும் குட்டியின் மூச்சை எண்ண வேண்டும். நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டிக்கொண்டே போனால் டாக்டரிடம் ஓட வேண்டும். நீர் இறக்கும் ஃபுரோசமைட் இருவருக்கும் பொது. கொசுவால் பரவும் இருதயப் புழு குட்டிக்கு மட்டும் கூடுதல் தொல்லை: அது குடியேறுவது, ஏற்கெனவே திணறும் அதே நுரையீரல் தமனியில். மாதாந்திரத் தடுப்பு மருந்தை விடக்கூடாது.

பிள்ளை வளர்ந்து கல்யாணம் கட்டிப் பெற்றுக்கொள்ளலாம். குட்டி குணமான பின்னும் இனம் பெருக்கக்கூடாது, கருத்தடை செய்துவிட வேண்டும். அதே ஈற்றில் பிறந்த மற்றவற்றை யார் யார் கொண்டுபோனார்கள் என்று விசாரித்து, அவற்றின் அக்குளிலும் கை வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். தாய்நாய்க்கும் அடுத்த ஈற்றுக்கு முன்பே கருத்தடை வேண்டும்.