நோன்பு போட்ட பந்தி

அடிஸ் அபாபாவில் புதன்கிழமையோ வெள்ளிக்கிழமையோ மதிய வேளையில் ஒரு சாதாரணச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து ‘யெட்ஸோம் பெயாய்நெத்து’ என்று கேட்டால், தாம்பாளம் போல அகன்ற ஒரு தட்டு வரும். தட்டு முழுவதும் புளித்த மாவில் சுட்ட இஞ்செரா. அதன் மேல் சிவப்பாக மசூர் பருப்பு, மஞ்சளாகப் பட்டாணிப் பருப்பு, பச்சையாகக் கீரை, ஒரு ஓரத்தில் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும், நடுவில் கொதிக்கக் கொதிக்கக் கடலை மாவில் கிண்டிய ஷிரோ. இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் அதில் கிடையாது. ‘யெட்ஸோம்’ என்றால் நோன்புக்கு உரியது. ‘பெயாய்நெத்து’ என்றால் பலவகை. ‘வீகன்’ என்ற சொல்லை டொனால்ட் வாட்சனும் அவருடைய கூட்டாளிகளும் இங்கிலாந்தில் உருவாக்கியது 1944-ல்தான். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே எத்தியோப்பிய மலைநாட்டில் இந்தச் சமையல் வேரூன்றிவிட்டது. ஊர் ஊராகப் போகிறவர்கள் வீகன் உணவு தேடும்போது, அந்த ஊரில் அந்தக் கொள்கைக்காரர்கள் எத்தனை பேர் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறு. எந்த நாளில் ஊரே சேர்ந்து பாலையும் இறைச்சியையும் ஒதுக்குகிறது என்பதே கேள்வி. வெளியூர்க்காரருக்குப் பந்தி போடுவது கொள்கை அல்ல, உள்ளூர் நாட்காட்டிதான் என்பதற்கு எத்தியோப்பியாவை விடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

நான்காம் நூற்றாண்டில் அக்ஸும் மன்னர் எஸானா கிறிஸ்தவத்தை ஏற்றார். அதன் பிறகு அங்கே வளர்ந்த தெவாஹெதோ சபை, நோன்பைத் தன் வாழ்க்கையின் முதுகெலும்பாக ஆக்கிக்கொண்டது. வாரந்தோறும் புதனும் வெள்ளியும் நோன்பு. ஈஸ்டருக்கு முன் 55 நாள் பெருநோன்பு. கிறிஸ்துமஸுக்கு முன் ஒன்று, ஆகஸ்டில் மரியாளுக்காக ஒன்று, நினிவே நகரத்தை நினைத்து மூன்று நாள் என்று பட்டியல் நீள்கிறது. சாதாரணக் குடும்பத்தாருக்கு ஆண்டில் ஏறக்குறைய 180 நாள். துறவிகளும் குருமாரும் எல்லாவற்றையும் கடைப்பிடித்தால் 250 வரை போகும். நோன்பு என்றால் பகலின் பெரும்பகுதி பட்டினி. பிறகு சாப்பிடும்போதும் விலங்கிலிருந்து வந்த எதையும் தொடுவதில்லை. 1520-ல் அங்கே போய்ச் சேர்ந்து ஆறு ஆண்டுகள் இருந்த போர்த்துகீசியப் பாதிரியார் பிரான்சிஸ்கோ அல்வாரிஸ், இந்த நோன்பின் கடுமையைக் கண்டு வியந்து எழுதினார். அவரும் நோன்பிருக்கும் சபையைச் சேர்ந்தவர்தான் என்பதை நினைத்தால், அந்த வியப்பின் அளவு புரியும்.

இந்த நாட்காட்டி எவ்வளவு உறுதியானது என்பதற்கு அடுத்த நூற்றாண்டின் அரசியலே சாட்சி. 1622-ல் மன்னர் சூசென்யோஸ் இயேசு சபைப் பாதிரியார்களின் செல்வாக்கில் கத்தோலிக்கராக மாறினார். ரோமின் வழிபாட்டோடு ரோமின் நோன்பு முறையும் நாட்டின் மேல் சுமத்தப்பட்டது. புதன்கிழமை நோன்பின் இடத்தில் சனிக்கிழமை வந்தது. நாடு கொதித்தது. கலகத்தைத் தணிக்க மன்னர் சில வழக்கங்களைத் திருப்பிக் கொடுத்தபோது, அவற்றுள் புதன் நோன்பும் இருந்தது. அதுவும் போதவில்லை, 1632-ல் அவர் மகன் பாசிலிதாஸிடம் ஆட்சியை விட்டார், பழைய சபை திரும்பியது. சண்டை நோன்பைப் பற்றி மட்டும் நடந்ததல்ல. ஆனால் எந்தக் கிழமை அடுப்பில் வெண்ணெய் ஏறக்கூடாது என்பது அரசாணையாலும் அசைக்க முடியாத விஷயமாக இருந்தது. அப்படிப்பட்ட வழக்கம்தான் ஒரு சமையலை வளர்க்கும். ஆண்டில் பாதி நாள் ஒரு நாடு பால் இல்லாமல் சமைக்க வேண்டுமென்றால், அந்தச் சமையல் ருசியாக இருந்தே தீர வேண்டும்.

அந்தக் கைத்திறனைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். தெஃப் என்ற கடுகினும் சிறிய தானியத்தை மாவாக்கிக் கரைத்து, முந்தைய மாவின் தெளிநீரை ஊற்றி, இரண்டு மூன்று நாள் புளிக்க விடுகிறார்கள். மித்தாத் என்ற பெரிய மண்கல்லில் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுற்றி ஊற்றி மூடுகிறார்கள்; ஆப்பம் போல ஒரு பக்கம் மட்டுமே வேகும். மாவு ஒட்டாமலிருக்கக் கல்லில் தேய்ப்பது கடுகு இனத்து விதையின் பொடி. குழம்புக்கு வெங்காயத்தை எண்ணெய் இல்லாமலே வெறும் சட்டியில் நெடுநேரம் வதக்கி, பிறகுதான் எண்ணெயும் மிளகாயும் மசாலாவும் சேர்ந்த பெர்பெரேயும் போடுகிறார்கள். மற்ற நாளில் அந்த இடத்தில் மசாலா போட்டு உருக்கிய வெண்ணெய் வரும், நோன்பில் எண்ணெய். அதிலும் பழமையானது நூக் எண்ணெய். நம் கிருஷ்ணகிரிப் பக்கம் பேயெள் என்று விதைப்பதும் அதே செடிதான். குசும்பா விதையை அரைத்துப் பிழிந்து பால் எடுத்து, அதில் இஞ்செராத் துண்டுகளை ஊறவைக்கிறார்கள். கடலை மாவைப் பிசைந்து மீன் வடிவில் வெட்டிக் குழம்பில் இடுவதற்கு ‘ஷிம்ப்ரா அசா’, கடலை மீன், என்று பெயர். தாவரப் பாலும் போலி இறைச்சியும் நேற்றைய கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் இந்தச் சமையலறையை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இதெல்லாம் வறுமையின் விளைவு, இறைச்சி வாங்க முடியாதவன் பருப்பைத் தின்கிறான் என்று சிலர் சொல்லலாம். ஏழை உழவர் வீட்டில் இறைச்சி அரிது என்பது உண்மை. ஆனால் ஆப்பிரிக்காவிலேயே அதிக மாடுகள் உள்ள நாடு எத்தியோப்பியா. பச்சை இறைச்சியைக் கொத்தி வெண்ணெயில் புரட்டிய கித்ஃபோவை விருந்தின் உச்சமாகக் கருதும் நாடு. அப்படியிருந்தும் வசதி படைத்தவர் மேசைக்குக்கூட நோன்பு நாளில் வெண்ணெய் வருவதில்லை. பெருநோன்பில் கசாப்புக் கடைகள் பல மூடிக் கிடக்கின்றன. வறுமை மட்டுமே காரணம் என்றால், இந்த விலக்கு தேதி பார்த்து வந்து, தேதி பார்த்துப் போகாது. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: இது தவம், உயிர்களிடம் கருணை அல்ல, ஈஸ்டர் விடிந்ததும் ஆடும் கோழியும் வெட்டப்படுகின்றனவே என்பது. மறுக்க முடியாத உண்மை. நோன்பாளியும் வீகனும் ஒரே காரணத்துக்காகச் சாப்பிடவில்லை. ஆனால் தட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் பசித்த பயணியின் கேள்வி. அதற்கு நோன்பு தரும் பதில், நல்லெண்ணத்தால் மட்டும் தர முடியாத அளவு உறுதியானது. சமைப்பவர், பரிமாறுபவர், பக்கத்து மேசைக்காரர் மூவருக்கும் அது தங்கள் சொந்த விரதம். வெண்ணெய் தவறி விழுந்தால் கெடுவது அவர்களுடைய நோன்பும்கூட.

இந்த உறுதியின் அருமை தமிழருக்கு எளிதில் விளங்கும். ‘சைவம்’ என்ற பலகை நம் ஊர்ப் பயணிக்கு இறைச்சி, மீன், முட்டையிலிருந்து காப்புத் தருகிறது. ஆனால் பருப்பின் மேல் நெய்யும், இலையின் கடைசியில் மோரும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். பால் வேண்டாதவர் நம் ஹோட்டலில் ஒவ்வொரு பண்டத்துக்கும் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. சாம்பாரும் ரசமும் பொரியலும் பெரும்பாலும் அவருக்கு ஏற்றவை என்றாலும், நெய்யையும் சேர்த்து விலக்கும் ஒற்றைச் சொல் நம்மிடம் புழங்கவில்லை. அம்ஹாரிக் மொழியில் அது இருக்கிறது. காரணம், அப்படி ஒரு நாள் அங்கே இருக்கிறது. ருமேனியாவின் கடைகளில் ‘தெ போஸ்த்’ என்றும் கிரேக்கத்தில் ‘நிஸ்தீசிமோ’ என்றும் இதே பொருளில் சொற்கள் புழங்குவதும் நோன்பால்தான். கிரேக்கர்கள் நோன்பில் கணவாயும் இறாலும் உண்பார்கள். எத்தியோப்பியாவிலும் மீனைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே சொல்லைக் கற்றுக்கொள்பவர் அதன் எல்லையையும் கற்றுக்கொள்ள வேண்டும்.

வழக்கம் இல்லாத இடத்தில் இந்தக் காப்பும் இல்லை. 2007 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எத்தியோப்பியரில் 43.5 சதவீதத்தினரே தெவாஹெதோ சபையினர். கிழக்குத் தாழ்நிலத்தில் ஒட்டகத்தையும் மாட்டையும் மேய்த்துப் பாலை நம்பி வாழும் முஸ்லிம்களான சோமாலி, அஃபார் மக்களிடையே ‘யெட்ஸோம்’ என்ற சொல்லுக்கு அந்த வலிமை கிடையாது. மலைநாட்டிலும் ஈஸ்டருக்குப் பிந்தைய 50 நாளில் புதன், வெள்ளி நோன்புகூடக் கிடையாது. அப்போது அதே கடையில் அதே ஷிரோவில் வெண்ணெய் மணக்கலாம். பயணி நிறுத்திக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். சமையல்காரர் மாறவில்லை, பருப்பு மாறவில்லை, கேட்பவரின் கொள்கையும் மாறவில்லை. மாறியது தேதி மட்டுமே. ஆகவே தன் ஊரில் வீகன் உணவு நிலைக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறவர், உணவுப்பட்டியலில் பச்சை இலைச் சின்னம் போடுவதோடு நின்றுவிடக் கூடாது. வாரத்தில் ஒரு நாளாவது அக்கம்பக்கத்தாரும் விரும்பி அதைக் கேட்கும்படி சமைத்துக் காட்ட வேண்டும். ஊர் தனக்காக ஏற்றும் அடுப்பில்தான் வழிப்போக்கருக்கும் சோறு வேகும்.