ஒப்புதலும் உடன்பாடும்: ஆங்கில, செக் சொல்வழக்கு

ஒருவர் சொன்ன கருத்து சரி என்று ஏற்பது, ஒருவர் கேட்டதற்குச் சம்மதம் தருவது, இரு தரப்பும் பேசி ஒரு முடிவுக்கு வருவது ஆகிய மூன்றும் வெவ்வேறு செயல்கள். முதலாவது அறிவைச் சார்ந்தது, இரண்டாவது விருப்பத்தைச் சார்ந்தது, மூன்றாவது இருவருக்கும் பொதுவானது. ஆங்கிலம் இவற்றுக்கான சொற்களைப் பழைய ஜெர்மானிய வழக்கு, நார்மன் பிரெஞ்சு, லத்தீன் என்று பல இடங்களிலிருந்து சேர்த்துக்கொண்டது. மேற்கு ஸ்லாவிய மொழியான செக், பெரும்பாலும் தன் சொந்த வேர்களையே முன்னொட்டு மாற்றி எடுத்தாள்கிறது. இரு மொழிகளிலும் இந்தச் சொற்கள் நாடாளுமன்றம், திருமணம், மருத்துவமனை, நீதிமன்றம் வரை சென்று மனிதர்களின் வாழ்க்கையைத் தீர்மானித்திருக்கின்றன. அகராதிப் பொருளோடு நிறுத்தாமல் அவை புழங்கிய இடங்களையும் பார்த்தால்தான் அவற்றின் கனம் விளங்கும்.

ஆங்கிலச் சொற்கள்

'யெஸ்' பழைய ஆங்கிலத்தின் 'கேசே' என்ற வடிவிலிருந்து வந்தது. 'ஆம்' என்ற சொல்லும் 'அப்படியே ஆகட்டும்' என்ற சொல்லும் சேர்ந்து உண்டானது அது என்பது சொற்பிறப்பியலாளர்களின் பொதுக் கருத்து. அன்றாடப் பேச்சுக்கு இது போதுமானதாக இருந்தது. நார்மானியர் ஆட்சிக்குப் பின் 'அக்ரீ' வந்தது. பழைய பிரெஞ்சில் மனத்துக்குப் பிடித்தது, உவப்பானது என்ற பொருளைச் சுற்றி வளர்ந்த சொல் இது. 'கன்சென்ட்', 'அசென்ட்' இரண்டும் உணர்தல் என்னும் லத்தீன் வினையிலிருந்து பிறந்தவை. 'அக்கார்ட்' இதயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்தும், 'கன்கர்' சேர்ந்து ஓடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்தும் வந்தன. 'அக்வியெஸ்' என்பதன் வேர் அமைதி. எதிர்க்காமல் வாளாவிருந்து இடம்கொடுப்பதுதான் அதன் பொருள், மனமார்ந்த சம்மதம் அதில் இல்லை. ஆங்கில அகராதிகள் இதை மற்றச் சொற்களோடு ஒரே வரிசையில் வைப்பது படிப்பவரைத் தவறாக நடத்திவிடும்.

'அக்ரீ' ஒரே வினையாக இருந்தாலும் பின்னால் வரும் சிறு சொல் அதன் பொருளைத் திருப்பிவிடும். 'வித்' சேர்ந்தால் ஒருவரோடு கருத்து ஒத்துப்போவது. 'டூ' சேர்ந்தால் முன்வைக்கப்பட்ட யோசனையை ஏற்பது. 'ஆன்' சேர்ந்தால் பேசித் தீர்மானித்த பொருள். 'கன்சென்ட்' பெரும்பாலும் 'டூ'வோடுதான் வரும். வேறொருவர் செய்யப்போகும் ஒன்றுக்கு, மறுக்கும் உரிமையுள்ளவர் தரும் அனுமதி அது.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இந்த அடுக்குகளையெல்லாம் ஒரே கட்டடத்துக்குள் கேட்கலாம். மக்களவையில் ஆதரவு வாக்குக்கு 'ஐ' என்று சொல்வார்கள். வாக்கெடுப்பின்போது ஆதரிப்பவர்கள் அவைத்தலைவருக்கு வலப்புறமுள்ள கூடத்தின் வழியாக நடந்து செல்வார்கள். பிரபுக்கள் அவையில் அந்தச் சொல் இல்லை. அங்கே 'கன்டென்ட்', அதாவது மனநிறைவு கொண்டோம் என்பதே ஆதரவு. மசோதா சட்டமாவதற்கு வேண்டிய அரச ஒப்புதலைச் சடங்குமுறையில் அறிவிக்கும்போது அவைச் செயலர் இன்றும் நார்மன் பிரெஞ்சில்தான் சொல்கிறார், அரசர் இதை விரும்புகிறார் என்ற பொருளில். மறுப்பதற்கும் ஒரு பிரெஞ்சு வாய்பாடு உண்டு: அரசர் ஆலோசிப்பார். கடைசியாக 1708-இல் ஆன் அரசி, ஸ்காட்லாந்துப் படை தொடர்பான மசோதா ஒன்றுக்கு ஒப்புதல் மறுத்தார். அதற்குப் பிறகு அந்த வாய்பாட்டுக்கு வேலை வரவில்லை.

உலகம் முழுவதும் பரவிய 'ஓகே' அமெரிக்காவில் பிறந்தது. 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் நகரின் ஒரு நாளிதழில், 'எல்லாம் சரி' என்பதை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அதன் முதலெழுத்துகளைச் சுருக்கமாகப் போட்டார்கள். இந்த மூலத்தைத் தேடிக் கண்டவர் மொழியறிஞர் ஆலன் வாக்கர் ரீட். செக் மொழியிலும் இது 'ஓகெய்' ஆகிக் குடியேறிவிட்டது.

செக் சொற்கள்

செக் மொழியில் 'ஆம்' என்பதற்குரிய முறையான சொல் 'அனோ'. ரஷ்ய மொழியின் 'தா', போலிஷ் மொழியின் 'தாக்' ஆகியவற்றோடு இதற்கு ஒட்டுறவில்லை. அண்டை மொழியான ஸ்லோவாக்கில் முதல் உயிர் நீண்டு 'ஆனோ' ஆகும். வீட்டிலும் கடையிலும் நண்பர்களிடமும் கேட்பது பெரும்பாலும் 'யோ'. இன்னும் குறுக்கி வெறும் 'நோ' என்று சொல்பவர்களும் உண்டு. பிராகா நகரில் இறங்கும் ஆங்கிலேயர் தடுமாறும் இடம் இதுதான். அவர் காதில் மறுப்பாக விழுவது உண்மையில் ஒப்புதல். செக் மொழியில் மறுப்பு 'நே'.

இந்தச் சிறு சொற்களுக்கு அப்பால் முக்கியமானது 'சௌஹ்லஸ்'. 'ஹ்லஸ்' என்றால் குரல், வாக்கு என்றும் பொருள். 'சௌ' என்னும் முன்னொட்டு உடன்சேர்தலைக் காட்டும். ஆக, உடன்குரல்தான் ஒப்புதல். வாக்களிப்பதற்கான வினையும் இதே வேரில் பிறந்தது. மெய்யெழுத்துக்கான செக் சொல்லும் அதே குடும்பம்தான், 'சௌஹ்லாஸ்கா'. ஆங்கிலத்தில் 'அக்ரீ', 'கன்சென்ட்' என்று பிரிந்து நிற்கும் இரண்டையும் இந்த ஒரு சொல் தாங்குகிறது. ஒருவர் கருத்தை ஏற்றாலும் சௌஹ்லஸ், அறுவைசிகிச்சைக்குக் கையெழுத்திட்டாலும் சௌஹ்லஸ். விருப்பத்தை மட்டும் குறிக்க வேண்டுமானால் 'ஸ்வொலெனீ' உண்டு. அதன் வேர் மனவிருப்பத்தைச் சுட்டுவது. ஆனால் அது இன்று சற்று ஏட்டுநடையாகிவிட்டது.

பேசி முடித்த உடன்பாடு 'டொஹொடா'. எழுத்தில் ஏறிய ஒப்பந்தம் 'ஸ்ம்லௌவா'. பேச்சு என்ற வேரிலிருந்து வந்தது அது. செக் வினைகளுக்கு முற்றுவடிவம், முற்றாவடிவம் என்று இரண்டு முகங்கள் உண்டு. 'டொஹொட்னௌட் ஸே' என்றால் உடன்பாட்டுக்கு வந்தாயிற்று. அதன் முற்றாவடிவமாகிய 'டொஹடொவட் ஸே', பேரம் பேசுவதையும் வாக்குவாதம் செய்வதையும் குறிக்கும். உடன்பாடு முடியும்வரை அது சண்டைதான் என்பதை இலக்கணமே ஒப்புக்கொள்வது இந்த மொழியில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

இலக்கண இயைபுக்கு 'ஸ்ஹொடா' என்று பெயர். எழுவாய்க்கும் பயனிலைக்கும் உள்ள இந்த இயைபு செக் பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் படுத்தி எடுப்பது. நாய்கள் குரைத்தன என்று எழுதும்போது வினையின் இறுதியில் ஒரு இகரம், பூனைகள் கத்தின என்றால் இன்னொரு இகரம். காதுக்கு இரண்டும் ஒன்றேதான், எழுத்தில் மட்டும் வேறு.

பேச்சுவழக்கில் ஒப்புதல் காட்டும் தொடர்கள் ஏராளம். 'யஸ்ன்யே' என்றால் தெளிவு, அதாவது கட்டாயம். 'ப்லத்யீ' என்றால் செல்லுபடியாகிறது, அதாவது பேச்சு முடிந்தது. 'பெரு' என்றால் எடுத்துக்கொள்கிறேன். 'மாஷ் ப்ரவ்டு' என்றால் உண்மை உன் பக்கம். 'புடிஷ்' என்பதில் கொஞ்சம் சலிப்பு இருக்கும், சரி இருந்துவிட்டுப் போகட்டும் என்பது போல. சந்தையில் விலை படிந்ததும் இரு கைகளும் தட்டிக்கொள்வதற்குத் தனி வினையே இருக்கிறது. மனம் ஒட்டாமல் தலையை மட்டும் ஆட்டி ஒரு தீர்மானத்தை நிறைவேற்றிவிடுவதற்கும் ஒரு வினை உண்டு: 'ஒட்கீவட்'. கூட்டங்களைப் பற்றி எழுதும் செக் பத்திரிகையாளர்கள் அதை மரியாதையாகப் பயன்படுத்துவதில்லை.

எதிர்மறைக் கேள்விக்குப் பதில்

ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் இரண்டு ஜோடிச் சொற்கள் இருந்தன. நேரான கேள்விக்கு 'யே', 'நே'. எதிர்மறையாகக் கேட்டால் 'யெஸ்', 'நோ'. இந்த வேறுபாடு 16-ஆம் நூற்றாண்டில் மங்கத் தொடங்கியது. 1532-இல் ஆங்கில அறிஞர் தாமஸ் மோர், வில்லியம் டிண்டேலின் விவிலிய மொழிபெயர்ப்பில் இந்தச் சொற்கள் தவறாகக் கையாளப்பட்டிருக்கின்றன என்று கண்டித்தார். கண்டித்த இடத்திலேயே மோரும் விதியைத் தலைகீழாக எழுதிவிட்டார் என்பதைப் பிற்கால அறிஞர்கள் சுட்டிக்காட்டினர். வழக்கு அந்த அளவுக்குக் குலைந்திருந்தது.

செக் மொழியில் எதிர்மறைக் கேள்வி மரியாதையின் அடையாளம். மணி என்ன என்று முன்பின் தெரியாதவரிடம் கேட்கும்போது, உங்களுக்குத் தெரியாதா என்ற அமைப்பில்தான் கேட்பார்கள். அதில் குத்தல் ஏதும் இல்லை. பதிலில் 'அனோ' வரவேண்டும் என்பதும் இல்லை, வினையைத் திருப்பிச் சொன்னாலே போதும். 'மாஷ் சஸ்?' (நேரம் இருக்கிறதா?) என்றால் 'மாம்' (இருக்கிறது). 'சாப்பிட்டாச்சா?' என்பதற்கு 'ஆச்சு' என்று விடைசொல்லும் தமிழருக்கு இது எளிதில் பிடிபடும். ஆங்கிலம் வழியாகச் செக் கற்பவர்தான் சிரமப்படுவார். எதிர்மறையை மறுத்துச் சொல்ல வேண்டுமானால் 'அலே யோ', அதாவது ஏன் இல்லை, உண்டு.

மௌனம்

பேசாதிருப்பவர் ஒப்புகிறார் என்ற பழமொழி ஆங்கிலத்திலும் செக்கிலும் உண்டு. தமிழில் மௌனம் சம்மதம் என்போம். இதன் பின்னணியில் இருப்பது ஒரு லத்தீன் சட்ட வாசகம். 1535-இல், அரசரே திருச்சபையின் தலைவர் என்பதை ஏற்காத குற்றத்துக்காக விசாரிக்கப்பட்டபோது, தாமஸ் மோர் இதையே வாதமாக வைத்தார்: நான் மௌனமாக இருந்தேன், சட்டப்படி மௌனம் ஒப்புதலாகத்தான் கொள்ளப்பட வேண்டும். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அவர் தலை துண்டிக்கப்பட்டது.

ஒப்புதல் இல்லாத உடன்பாடுகள்

1938 செப்டம்பர் இறுதியில் ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், பிரான்சு நான்கும் மியூனிக்கில் கூடி, செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதிகளை ஹிட்லருக்குக் கொடுத்தன. செக்கோஸ்லோவாக்கியாவுக்கு மேசையில் இடமில்லை. வரலாற்று நூல்களில் அந்த நிகழ்வின் பெயர் மியூனிக் டொஹொடா. துரோகம் என்றும் கட்டளை என்றும் அதைச் சொல்பவர்களே சாதாரண மக்களிடையே அதிகம். 'எங்களைப் பற்றி, எங்களை விட்டுவிட்டு' என்ற தொடர் அப்போதிருந்து அரசியல் பேச்சில் நிலைத்துவிட்டது.

1968 ஆகஸ்ட்டில் சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்தப் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தன. நாட்டின் தலைவர்கள் மாஸ்கோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஆவணமொன்றில் கையெழுத்திட வைக்கப்பட்டனர். மறுத்தவர் ஒரே ஒருவர், மருத்துவரான ஃப்ரந்திஷெக் க்ரீகல். அக்டோபர் 18 அன்று, அன்னியப் படைகள் தற்காலிகமாகத் தங்குவதற்கான ஸ்ம்லௌவா நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 228. வாக்களிக்காமல் ஒதுங்கியவர்கள் 10. எதிர்த்தவர்கள் 4: க்ரீகல், ஃப்ரந்திஷெக் வோட்ஸ்லொன், கெர்ட்ரூடா செகானினோவா-சக்ர்டோவா, போஷெனா ஃபுகோவா. அந்தத் தற்காலிகம் 1991 வரை நீடித்தது. 1970-இல் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து, படைகளின் வருகையை ஏற்கிறீர்களா என்று கேட்டார்கள். சௌஹ்லஸ் சொல்லாதவர் கட்சியை இழந்தார், பெரும்பாலும் வேலையையும் இழந்தார். நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல் 1978-இல் எழுதிய 'அதிகாரமற்றவர்களின் அதிகாரம்' என்ற கட்டுரையில், கடை ஜன்னலில் அரசின் முழக்கப் பலகையை வைக்கும் காய்கறிக் கடைக்காரரை எடுத்துக்கொண்டது இந்தச் சூழலில்தான். அவர் அந்த முழக்கத்தை நம்பினாரா என்று எவரும் கேட்கவில்லை, பலகை இருந்தால் போதும்.

சட்டத்தில் ஒப்புதல்

இங்கிலாந்து, வேல்ஸின் 2003 பாலியல் குற்றச் சட்டம் 'கன்சென்ட்' என்பதை வரையறுக்கிறது. ஒருவர் தாமே தேர்ந்து உடன்பட வேண்டும், அப்படித் தேர்வதற்கான சுதந்திரமும் திறனும் அவருக்கு இருக்க வேண்டும். தெரிவிக்கப்பட்ட ஒப்புதல் என்னும் மருத்துவக் கருத்து, 1957-இல் கலிபோர்னியாவில் நடந்த ஒரு வழக்கிலிருந்து சட்ட வழக்குக்கு வந்தது. செக் மொழி அதை அப்படியே 'இன்ஃபொர்மொவனீ சௌஹ்லஸ்' என்று எடுத்துக்கொண்டது.

2014 முதல் நடப்பிலிருக்கும் செக் குடிமைச் சட்டத்தின்படி, மணமக்கள் சுதந்திரமாகவும் முழுமையாகவும் தெரிவிக்கும் ஒத்த விருப்பமே திருமணத்தை உண்டாக்குகிறது. நகரமன்றக் கூடத்தில் அதிகாரி கேட்க, இருவரும் சொல்லும் 'அனோ'தான் அது.

இதே சொல் கையெழுத்துத் தாளாக மட்டும் சுருங்கிப்போன வரலாறும் உண்டு. செக்கோஸ்லோவாக்கியாவிலும் பின்னர் செக் குடியரசிலும் ரோமா இனப் பெண்கள் பலருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. சிலரிடம் பிரசவ வலியின் நடுவில் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். என்ன எழுதியிருக்கிறது என்பது அவர்களுக்கு விளக்கப்படவில்லை. மருத்துவமனைக் கோப்பில் சௌஹ்லஸ் இருந்தது, அந்தப் பெண்களிடம் இல்லை. இதை நான் சொல்வழக்கு ஆய்வின் ஓரக்குறிப்பாக விட மாட்டேன். ஒரு சொல்லின் பொருளைக் காகிதத்தோடு நிறுத்திக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. 2005-இல் மக்கள் குறைதீர்ப்பாளர் ஒட்டகர் மொடெயில் இதை விசாரித்து அறிக்கை அளித்தார். 2009-இல் அரசு வருத்தம் தெரிவித்தது. 2021-இல் நிறைவேறிய சட்டம், 1966 முதல் 2012 வரை சட்டத்துக்குப் புறம்பாகக் கருத்தடை செய்யப்பட்டவர்களுக்கு 3,00,000 கொருனா இழப்பீடு வழங்க வகைசெய்தது.

2025 ஜனவரி 1 முதல் செக் குற்றவியல் சட்டத்தில் வன்புணர்ச்சியின் வரையறையும் மாறிவிட்டது. வன்முறையோ மிரட்டலோ இருந்ததாக மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயம் இனி இல்லை. விருப்பமின்மையைச் சொல்லாலோ உடலாலோ ஒருவர் காட்டியும் மீறினால் அது குற்றம். தூக்கம், நோய், போதை, அச்சத்தில் உறைந்துபோதல் போன்ற நிலைகளில் மறுப்பு வெளிவராவிட்டாலும் அது சம்மதமாகாது.